கத்திரி வெயிலில் ஒரு 486

வேலூரில் மே மாதத்து இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்கு, நான் எழுதப்போகும் சிக்கலில் பாதி சொல்லாமலே விளங்கிவிடும். பகல் முழுவதும் வெயில் குடித்த பாறைக் குன்றுகள் பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கின்றன. சத்துவாச்சாரியில் குன்றை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டின் மாடி அறையும் அதையேதான் செய்கிறது. கத்திரி நாட்களில் அந்த அறையில் மாலை ஆறு மணிக்கு 39 டிகிரியும் நள்ளிரவில் 35 டிகிரியும் இருந்ததைக் குறித்து வைத்திருக்கிறேன். மார்கழி விடியற்காலையில் அதே அறை 20 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த அறையின் மேசையில்தான், 1994-இல் அப்பா வாங்கிய 486 கணினி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பா கொசப்பேட்டையில் தட்டச்சுப் பயிலகம் நடத்திவந்தார். இனித் தட்டச்சு மட்டும் சோறு போடாது என்று தோன்றிய ஆண்டில், உதிரிப் பாகங்களைச் சேர்த்து ஒருவர் கட்டிக்கொடுத்த கணினி அது. 66 மெகாஹெர்ட்ஸ் 486 டிஎக்ஸ்2 செயலி, 8 எம்பி நினைவகம், 540 எம்பி ஹார்ட் டிஸ்க், 200 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கிப் பெட்டி), ஒரு மினி டவர் கேபினட். பகலில் மாணவர்கள் அதில் டாஸ் கட்டளைகளைப் பழகுவார்கள். இரவில் ராணிப்பேட்டைத் தோல் வியாபாரிகளின் சரக்குப் பட்டியல்களும் கல்யாணப் பத்திரிகைகளும் அதில் தயாராகும். பயிலகத்தை மூடிய பிறகு அது நெடுங்காலம் பரணில் கிடந்தது. நான் அதை இறக்கித் துடைத்து மின்சாரம் கொடுத்தபோது திரையில் எழுத்து தெரிவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. எண்ணெய் வற்றிய புஷ்ஷில் சுழன்ற எஸ்எம்பிஎஸ் விசிறி, மாவில்லாமல் ஓடும் கிரைண்டரைப் போல அலறியது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அதே அறையில் படித்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, இந்த ரூம்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தோடு கீழே இறங்கிப் போனாள்.

விசிறியைக் கழற்றிவிடலாம் என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அதற்கு ஆதரவாகப் பழைய சான்றுகளும் உண்டு. 1977-இல் வந்த ஆப்பிள் 2 விசிறியே இல்லாமல் ஓடியது. ராட் ஹோல்ட் வடிவமைத்த ஸ்விட்சிங் வகை மின்வழங்கி குறைவாகச் சூடானதால் அது கைகூடியது. 1984-இன் மேக்கின்டாஷிலும் விசிறி கிடையாது. சூடான காற்று தானாக மேலெழுந்து மேற்பிளவுகள் வழியாக வெளியேறும். இவற்றுக்கு நடுவே 1980-இல் வந்த ஆப்பிள் 3-இலும் விசிறி வைக்கவில்லை. சூட்டில் சில்லுகள் தம் சாக்கெட்டுகளிலிருந்து நெகிழ்ந்து எழும்பி அந்தக் கணினியின் பெயரே கெட்டது. அவை எல்லாம் குளிரூட்டிய அலுவலகத்தையோ, வெயில் உறைக்காத ஊரின் வீட்டையோ மனத்தில் வைத்து வரையப்பட்டவை. அங்கே அறையின் காற்று 22 டிகிரி என்றால், உள்ளே 20 டிகிரி கூடினாலும் 42-இல் நின்றுவிடும். எங்கள் மாடியில் தொடக்கமே 39. அதே 20-ஐக் கூட்டிப் பார்த்தால் நிலைமை தெரியும்.

இந்தச் சூட்டில் முதலில் சாவது செயலி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 5 வோல்ட்டில் ஓடும் டிஎக்ஸ்2 ஐந்தாறு வாட்டுக்கு மேல் சூடாக்குவதில்லை. சூட்டை வாங்கிக் காற்றில் விடும் நல்ல அலுமினிய ஹீட் சிங்க் ஒன்று இருந்தால் அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். சாகிறவை எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகள். அவற்றின் உள்ளிருக்கும் திரவம் மெல்ல மெல்ல உலர்கிறது. சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையினர் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் கணக்கு. முப்பது வயதான மின்தேக்கிக்கு ஒவ்வொரு கோடையும் இரண்டு கோடையாகக் கழிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மதர்போர்டில் பற்றவைத்திருந்த பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரியும் அப்படியே. கசிந்தால் சுற்றியுள்ள செப்புத் தடங்களை அரித்துத் தின்றுவிடும். பரணிலிருந்து இறக்கிய அன்றே அதை வெட்டி எடுத்துவிட்டேன். நல்லவேளையாக, ஓரத்தில் பச்சை பூக்கத் தொடங்கியிருந்ததே தவிரத் தடம் எதுவும் அறுபடவில்லை.

எனவே காற்று வேண்டும், சத்தம் கூடாது. விசிறிகளைப் பற்றிய மூன்று கணக்குகள் இங்கே கைகொடுக்கின்றன. சுற்று வேகத்தைப் பாதியாக்கினால் காற்றின் அளவும் பாதியாகும். மோட்டார் எடுக்கும் திறனோ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒலியளவு ஏறக்குறைய 15 டெசிபெல் இறங்கும். பாதிக் காற்றை விட்டுக்கொடுத்தால் அதைவிடப் பல மடங்கு அமைதி கிடைக்கும் என்ற இந்தப் பேரத்தை மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகு, எத்தனை காற்று உண்மையில் தேவை என்று கணக்கிட்டேன். சுவரில் செருகும் வாட் மானியில் திரையைத் தவிர்த்துக் கணினி மட்டும் 45 வாட் காட்டியது. உள்ளே நுழையும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் 8 டிகிரி வேறுபாடு இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டால், 45 வாட்டைச் சுமந்து செல்ல வினாடிக்கு ஏறத்தாழ 4.7 லிட்டர் காற்று போதும். மூன்று வினாடிக்கு ஒரு குடம். விசிறி அட்டைகளில் அச்சிட்டிருக்கும் அலகில் சுமார் 10 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). சாதாரண 80 மில்லிமீட்டர் விசிறி முழு வேகத்தில் இதைப்போல மூன்று மடங்குக்கு மேல் தள்ளும். அதாவது, இத்தனை நாள் எங்களைக் காதைப் பொத்த வைத்த வேகத்தில் பெரும்பகுதி வீண் என்று காகிதம் சொன்னது.

காகிதத்தை நம்பி, காட்பாடியில் ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவில் ஒரு 80 மில்லிமீட்டர் மூன்று கம்பி விசிறியையும், ஆர்டுயினோ நானோ என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகையையும், கையளவு உதிரிகளையும் வாங்கிவந்தேன். விசிறியின் கறுப்புக் கம்பிக்கும் தரைக்கும் நடுவே மின்னணு ஸ்விட்சாக ஒரு மாஸ்ஃபெட்டை வைத்து, அதை விட்டு விட்டுத் திறந்து மூடும் பிடபிள்யூஎம் துடிப்பை நானோவிலிருந்து கொடுத்து வேகத்தைக் குறைத்தேன். வேகம் குறைந்தது, புதிய சத்தம் ஒன்று பிறந்தது. ஆர்டுயினோவின் வழக்கமான துடிப்பு வினாடிக்கு 490 தடவை. அது மனிதக் காது மிக நன்றாகக் கேட்கும் எல்லைக்குள் இருப்பதால், மோட்டார்ச் சுருள் அந்தச் சுருதியிலேயே பாடத் தொடங்கியது. போதாததற்கு, 12 வோல்ட் கம்பியில் ஏறிய அந்தத் துடிப்பு சவுண்ட் கார்டுக்குள்ளும் புகுந்து ஸ்பீக்கரில் ஈயைப் போல ரீங்கரித்தது. தரைக்கம்பியை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அறுத்து அறுத்து இணைப்பதால், சுற்றை எண்ணிச் சொல்ல வேண்டிய மூன்றாவது கம்பியும் உளறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த உளறலைத் திருத்த நிரல் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பிழை கம்பியில் இருக்கும்போது நிரலைத் திருத்துவது, பானையில் ஓட்டை இருக்கும்போது குழாயைப் பழுதுபார்ப்பதைப் போன்றது.

நான்கு கம்பி விசிறி இந்தத் தொல்லைகளுக்காகவே உருவானது. அதில் 12 வோல்ட்டும் தரையும் அறுபடாமல் நிற்கும். நான்காவது கம்பியில் வரும் துடிப்பைப் பார்த்து விசிறிக்குள் இருக்கும் சுற்றே வேகத்தை மாற்றிக்கொள்ளும். அந்தத் துடிப்பு வினாடிக்கு 25,000 தடவை இருக்க வேண்டும் என்று இன்டெல் வகுத்த விதி சொல்கிறது; காதுக்கு எட்டாத உயரம் அது. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் நானோவின் ஏடிமெகா328பி சில்லில், முதலாம் டைமரை ஏறி இறங்கி எண்ணும் முறையில் வைத்து உச்ச எண்ணை 320 என்று கொடுத்தால், 16,000,000-ஐ 640-ஆல் வகுத்த கணக்கில் மிகச் சரியாக 25,000 வந்துவிடும். அந்த ஓர் எண்ணை மாற்றியதும் பாட்டு நின்றது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: நான்காவது கம்பி எதனோடும் சேராமல் தொங்கினால் விசிறி முழு வேகத்தில் ஓடும். நான் கட்டிய நானோ செத்துப்போனாலும், கம்பியைப் பல்லி தின்றுவிட்டாலும், கணினி சத்தம் போடுமே தவிர வேகாது.

பல்லி என்று விளையாட்டாகச் சொல்லவில்லை. விசிறி அமைதியாகிவிட்டது, சூடு குறையவில்லை. கேபினட்டின் முன்பக்கம் கீழே புது விசிறி. பின்பக்கம் மேலே எஸ்எம்பிஎஸ் விசிறி. முன்னால் நுழைந்து பின்னால் வெளியேற வேண்டியதுதானே? ஆனால் ஹார்ட் டிஸ்கின் மேற்பரப்பு 54 டிகிரியில் பிடிவாதமாக நின்றது. எங்கள் தெருமுனையில் மோட்டாருக்கும் சீலிங் ஃபேனுக்கும் காயில் கட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வேறொரு வேலையாக அவரிடம் போனபோது இதைச் சொல்ல, மாலையில் வீட்டுக்கே வந்துவிட்டார். கணினியை அவர் அதுவரை திறந்து பார்த்ததில்லை. ஊதுவத்தி ஒன்று கேட்டு வாங்கிக் கொளுத்தி, கேபினட்டின் பின்பக்கம் கொண்டுபோனார். புகை வெளியே வரும் என்று நான் எதிர்பார்த்த இடத்தில் அது உள்ளே இழுபட்டது. "இன்னா தம்பி, பின்னாடி பூரா தொறந்து வச்சிட்டு முன்னாடி காத்து வருதான்னு பாக்கிற? காத்து சோம்பேறிப்பா. கிட்ட வழி இருந்தா அதுலயேதான் போவும்" என்றார்.

கார்டுகள் செருகாத இடங்களை மூட வேண்டிய டம்மி தகடுகள் எப்போதோ தொலைந்து போயிருந்தன. ஐந்து பிளவுகள் திறந்தே கிடந்தன. எஸ்எம்பிஎஸ் விசிறி தனக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்த அந்தப் பிளவுகள் வழியாகக் காற்றை இழுத்துத் தானே வெளியேற்றிக்கொண்டிருந்தது. முன்பக்கத்து ஹார்ட் டிஸ்கும் நடுவிலிருந்த செயலியும் அந்தக் குறுக்குவழியில் வரவில்லை. தண்ணீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள்; விசிறி ஓடியும் காற்றில்லாத கேபினட்டையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். பிளவுகளைத் துடைக்கும்போது மதர்போர்டுக்கும் தகட்டுக்கும் நடுவே உலர்ந்த பல்லி முட்டை ஓடுகள் ஐந்தாறு கிடைத்தன. அந்தக் குடும்பத்துக்கு இத்தனை ஆண்டுகளாக நல்ல காற்றோட்டம்.

கல்யாணப் பத்திரிகை அட்டை அப்பாவின் பழைய பெட்டியில் கட்டுக் கட்டாக இருந்தது. அதை வெட்டி ஐந்து பிளவுகளையும் அடைத்தேன். இன்னொரு துண்டை மடித்து, முன்விசிறியின் காற்று முதலில் ஹார்ட் டிஸ்கைத் தொட்டு, பிறகு செயலியின் மேல் படிந்து, அதன் பின்னரே எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்பும்படி ஒரு சரிவாக நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் ஹார்ட் டிஸ்க் 54-இலிருந்து 47-க்கு இறங்கியது; ஹீட் சிங்கின் அடிப்பகுதி 63-இலிருந்து 55-க்கு வந்தது. அறையில் அப்போது 38 டிகிரி. விசிறியின் வேகத்தை நான் ஒரு சுற்றுகூடக் கூட்டவில்லை. மூன்று வாரம் நிரல் எழுதிப் பெறாததை, மணமகன் பெயர் அச்சாகாத ஓர் அட்டை கொடுத்தது. கணினியைச் சத்தமின்றிக் குளிர்விப்பதைப் பற்றி என்னைக் கேட்பவர்களுக்கு நான் இப்போது முதலில் சொல்வது, ஊதுவத்தி வாங்குங்கள் என்பதுதான். மைக்ரோகன்ட்ரோலரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

ஆனாலும் மைக்ரோகன்ட்ரோலர் தேவைதான். மார்கழிக்கும் சித்திரைக்கும் ஒரே வேகம் பொருந்தாது. விசிறியை 12 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே மாட்டி 7 வோல்ட்டில் ஓட்டும் பழைய வித்தையை முயன்று பார்த்தேன். ஜனவரியில் அது மிகை, மே மாதத்தில் குறை. வெப்பத்தை அளந்து வேகத்தை மாற்ற வேண்டும். இங்கேதான் கிடைத்த நிரல்களில் இருந்த ஓர் அனுமானம் என்னைத் தடுக்கி விழ வைத்தது. அவை எல்லாம் ஓர் உணரியை வைத்து, 35 டிகிரிக்குக் கீழே மெதுவாக, 45 டிகிரிக்கு மேலே முழு வேகத்தில் என்று எழுதப்பட்டிருந்தன. எங்கள் மாடியில் கணினியைத் தொடுவதற்கு முன்பே 39. விசிறி எவ்வளவு சுற்றினாலும் அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. அது இருக்கும் காற்றை நகர்த்தும், அவ்வளவே. அடைய முடியாத ஓர் இலக்கைத் துரத்தி, கத்திரி முழுவதும் விசிறி முழு வேகத்தில் கத்தியது. பயன் ஓரிரு டிகிரி.

தீர்வு, இரண்டு உணரிகளை வைப்பது. ஒன்று, முன்பக்கத்தில் நுழையும் காற்றில். இன்னொன்று, எஸ்எம்பிஎஸ்-க்குள் போகும் காற்றில். நிரல் கவனிப்பது இவற்றின் வேறுபாட்டை. வேறுபாடு 4 டிகிரிக்குள் இருந்தால் 30 விழுக்காடு துடிப்பு, 12 டிகிரியைத் தொட்டால் முழு வேகம், நடுவில் படிப்படியாக. அறை 22 ஆனாலும் 39 ஆனாலும் கணினி உண்டாக்கும் சூடு அதே 45 வாட்தான் என்பதால், தேவையான காற்றும் ஏறக்குறைய அதேதான். கோடையில் கூடுதலாக ஒரு காவல் மட்டும் வைத்தேன்: உள்ளே 52 டிகிரியைத் தாண்டினால் வேறுபாட்டைப் பார்க்காமல் முழு வேகம். 8 டிகிரி வேறுபாட்டில் 39 என்பது 47 ஆகும். ஆகவே அந்தக் காவல் இரண்டு கத்திரிகளில் மூன்றே முறைதான் வேலை செய்தது. அவற்றில் இரண்டு, நான் வடிகட்டித் துணியைத் துவைக்க மறந்த நாட்கள்.

உணரிகளாக டிஎஸ்18பி20 வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித்த 64 பிட் முகவரி உண்டு என்பதால் இரண்டையும் ஒரே கம்பியில் கோக்கலாம், 4.7 கிலோஓம் மின்தடை ஒன்று போதும். அதற்கு ஒரு குணம் இருக்கிறது. மின்சாரம் கிடைத்ததும், முதல் அளவீட்டை முடிக்கும்வரை அது 85 டிகிரி என்று பொய் சொல்லும். முழு நுட்பத்தில் அளக்க அதற்கு 750 மில்லிவினாடி வரை வேண்டும். நான் பொறுக்காமல் உடனே கேட்டதால் ஒவ்வொரு முறையும் கணினியைப் போட்டதும் விசிறி ஒரு கணம் பாய்ந்து அடங்கியது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகும் அந்தப் பாய்ச்சலை நான் நீக்கவில்லை. பொய்யை நீக்கிவிட்டு, தொடக்கத்தில் ஒரு வினாடி முழு வேகம் என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டேன். ஓய்ந்து கிடக்கும் விசிறிக்கு எழுந்து நிற்க அந்த உந்துதல் தேவை. கூடவே, அந்த ஒரு வினாடிச் சத்தத்தைக் கேட்டால் விசிறி உயிரோடு இருப்பது எனக்கும் தெரிந்துவிடும். பிறகு சுற்றுமானி கம்பியை நிரல் கவனிக்கிறது: சுற்றுக்கு இரண்டு துடிப்பு. மூன்று வினாடி துடிப்பே வராவிட்டால் முழு வேகம் கொடுத்துப் பார்க்கும். அப்போதும் அசையாவிட்டால் சிறு பஸ்ஸர் கூவும்.

நிரலில் நான் மிகவும் மெனக்கெட்டது வெப்பக் கணக்கில் அல்ல, தயக்கத்தில். வேகம் மாறுவதைக் காது உடனே பிடித்துக்கொள்ளும். மாறாத சத்தத்தை, அது சற்றுக் கூடுதலாக இருந்தாலும், கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். ஆகையால் ஐந்து வினாடிக்கு ஒரு விழுக்காட்டுக்கு மேல் வேகம் மாறக்கூடாது என்றும், ஏறிய வேகம் இறங்குவதற்கு வேறுபாடு 2 டிகிரியாவது குறைய வேண்டும் என்றும் வைத்தேன். மகள் மறுபடி மேலே வந்து படிக்கத் தொடங்கியது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான். அதற்கு முன்பும் டெசிபெல் அளவு ஏறக்குறைய இதேதான். கைபேசிச் செயலி காட்டிய எண்ணை நான் ஒப்பீட்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஆனாலும் எண்ணில் வேறுபாடு இல்லை. மேலும் கீழும் அலைவது நின்றதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

சீலிங் ஃபேன் ஓடும் அறையில் இத்தனை நுணுக்கம் எதற்கு என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சீலிங் ஃபேன் ஐந்தில் ஓடும்போது கணினியின் சத்தம் அதில் கரைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதன் சத்தம் தாழ்ந்த சுருதியில் பரவிய காற்றொலி. சிறு விசிறியின் கீச்சொலி அதை ஊடுருவி வரும். தவிர, மின்வெட்டு என்று ஒன்று இருக்கிறது. பழைய இன்வெர்ட்டரின் சதுர அலையில் சீலிங் ஃபேன் உறுமுவதால் இரவில் நாங்கள் அதை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவைப்போம். தெருவே அடங்கிக் கிடக்கும் அந்த அரை மணி நேரத்தில் ஒரு விசிறியின் உண்மையான குணம் தெரிந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ் விசிறியைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பெட்டியைத் திறப்பது மற்ற வேலைகளைப் போன்றதல்ல. நம் 230 வோல்ட்டை நேர்மின்னாக்கினால் 325 வோல்ட் வரை வரும். அது பெரிய மின்தேக்கிகளில் கம்பியை உருவிய பிறகும் தங்கியிருக்கலாம். நான் உருவிவிட்டு ஒரு நாள் முழுவதும் விட்டுவைத்தேன். பிறகும் மானியால் அளந்து, மின்தடை வழியாக வடித்த பின்னரே கை வைத்தேன். இன்னொரு பொறி பழைய ஏடி வகைக் கேபினட்டுகளுக்கே உரியது: முன்பக்கத்துப் பவர் பொத்தானுக்கு வரும் தடித்த கம்பியில் வீட்டு மின்சாரமே, அதே 230 வோல்ட்டே, ஓடுகிறது. இன்றைய கணினிகளின் 5 வோல்ட் பொத்தானுக்குப் பழகியவர்கள் அந்த இடத்தில் அலட்சியமாக விரலை வைத்துவிடக்கூடும். காய்ந்த மின்தேக்கிகளை 105 டிகிரி வகையாக மாற்றினேன். வறண்ட விசிறிக்குப் பதிலாக மெதுவாகச் சுற்றும் ஒன்றை வைத்தேன். அதை மைக்ரோகன்ட்ரோலரோடு இணைக்கவில்லை. மின்வழங்கியின் உயிர் என் நிரலைச் சார்ந்து இருக்கக்கூடாது. தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் பழைய விசிறியே சரியாகிவிடும் என்று சொல்வார்கள். நானும் விட்டுப் பார்த்தேன். ஒரு மாதம் சமர்த்தாக இருந்தது. அந்த எண்ணெயில் தூசி ஒட்டிக் குழம்பானதும் முன்பைவிட மோசமாகக் கத்தியது.

தூசிக்கு வேட்டித் துணியை வடிகட்டியாக வைத்தபோது காற்றே வரவில்லை. கொசுவலையில் எல்லாமே உள்ளே வந்தது. அம்மாவின் பழைய நைலக்ஸ் புடைவைத் துண்டு நடுத்தரமாக வேலை செய்கிறது. மாதம் ஒருமுறை துவைக்க வேண்டும்.

விசிறிகள் அடங்கிய பிறகு மிஞ்சியது ஹார்ட் டிஸ்க். குண்டு பேரிங்கில் சுழலும் அந்தக் காலத்து டிஸ்க்குகளுக்கு ஒரு நீண்ட ஊளை உண்டு. அதை எடுத்துவிட்டு காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை ஒன்றை வைப்பது எளிது; அந்த அட்டை மின்னியல் அளவில் அந்தக் காலத்து ஐடிஇ வகை ஹார்ட் டிஸ்கைப் போலவே நடந்துகொள்ளும். 1,024 சிலிண்டர், 16 தலை, 63 செக்டர் என்ற பழைய பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள்நிரல்) கணக்கு சுமார் 528 எம்பியோடு நின்றுவிடுவதால், பெரிய அட்டையை வாங்கியும் அதற்கு மேல் பயனில்லை. அன்றாடம் ஓட்டுவதற்கு அப்படி ஓர் அட்டையைத்தான் வைத்திருக்கிறேன். அசல் டிஸ்க்கை சைக்கிள் டியூப்பை வெட்டிய பட்டைகளில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கேபினட் தகடு அதோடு சேர்ந்து அதிர்வது நின்றதால் ஊளை பாதியாயிற்று. மாதம் ஒருமுறை அதற்கு மின்சாரம் கொடுத்துச் சுழலவிடுகிறேன். அதில் 1997-ஆம் ஆண்டின் சரக்குப் பட்டியல்கள் இருக்கின்றன. எவருக்கும் தேவையில்லாதவை.

மேசையின் மறுபக்கம் பிபிசி மைக்ரோ என்ற பழைய பிரிட்டிஷ் கணினி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 1984-85-இல் மத்திய அரசின் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த வகை. ஒரு பள்ளியின் பழைய சாமான் ஏலத்தில் கிடைத்தது. 2 மெகாஹெர்ட்ஸ் 6502 செயலி, 32 கேபி நினைவகம், விசிறி கிடையாது. திரையில் தெரியும் படத்தை உருவாக்கும் யூஎல்ஏ சில்லு மட்டும் கையை எடுத்துவிடும்படி சுடும். அதன் மேல் ஒட்டியிருந்த ஹீட் சிங்க்கைத் தூக்கிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இதற்குள் எதையும் நான் தொடவில்லை, ஒரு துளையும் போடவில்லை. மரச்சட்டத்தில் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றைப் பொருத்தி, மூடியிலுள்ள காற்றுப் பிளவுகளுக்கு மேலே மல்லாத்தி நிறுத்திவிட்டேன். 12 வோல்ட் விசிறிக்குக் கைபேசிச் சார்ஜரின் 5 வோல்ட். தானாக மேலெழும் சூட்டுக்கு அது ஒரு கை கொடுக்கிறது, அவ்வளவுதான். எல்லா விசிறியும் 5 வோல்ட்டில் புறப்படுவதில்லை. நான் வாங்கிய நான்கில் இரண்டு விரலால் தள்ளினால்தான் சுற்றின. அந்த இரண்டும் பெட்டியில் இருக்கின்றன.

கல்யாணப் பத்திரிகை அட்டைக்கு வருவோம். ஐப்பசி மழையில் அது ஈரம் குடித்து ஊறித் தொய்ந்துவிட்டது. ஒரு நாள் சரிவு மடங்கிச் செயலியின் மேலேயே சாய்ந்து கிடந்ததை, நிரலின் காவல் முழு வேகத்தில் கத்திக் காட்டிக்கொடுத்தது. ஈரம் குடிக்காத, விறைப்பான, கத்தரிக்கோலுக்கு வசப்படும் ஒன்று வேண்டும். வேலூர்க்காரர்கள் வீட்டில் அப்படி ஒன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. பீரோவுக்குப் பின்னால் பெரிய காக்கி உறைகளில் எக்ஸ்ரே ஃபிலிம்கள் நிற்கும். பாலியெஸ்டர் தாள், மின்சாரம் கடத்தாது, 60 டிகிரியில் வளையாது. அப்பாவின் முழங்கால் படங்கள் நான்கு இருந்தன. அவர் இருந்தபோது படி ஏற முடியாமல் பயிலகத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிய காலத்தில் எடுத்தவை. அம்மாவிடம் கேட்டதற்கு, "அவரு கால வெச்சி இன்னா பண்ணப் போற?" என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

இரண்டை வெட்டிப் பிளவுகளை அடைத்தேன். மூன்றாவதை முழுதாகவே வளைத்துச் சரிவாக வைத்தேன். காற்று வழுக்கிச் செல்ல அட்டையைவிட அது நன்றாக இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் இன்னும் ஒரு டிகிரி இறங்கியது. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விளக்கைக் காட்டினால் செயலிக்கு மேலே முழங்கால் மூட்டு வெள்ளையாகத் தெரியும். நான்காவது ஃபிலிம் உறையிலேயே இருக்கிறது.